மேயர்: மக்கள் தேர்வா, மாமன்றத் தேர்வா, நியமன ஆணையரா?

மாநகராட்சித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு விவாதம் தவறாமல் தலைதூக்குகிறது. மேயரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பார் ஒருவர். கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதே நிர்வாகத்துக்கு உகந்தது என்பார் இன்னொருவர். இந்தக் கட்சிச் சண்டையே வேண்டாம், திறமையான அதிகாரி ஒருவரிடம் நகரை ஒப்படைத்துவிட்டால் போதும் என்று மூன்றாமவர் சலித்துக்கொள்வார். மூவருக்கும் சாட்சி சொல்ல நகரங்கள் இருப்பதால்தான் விவாதம் முடிவதில்லை: முதலாமவருக்கு லண்டனும் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவும், இரண்டாமவருக்குப் பாரிஸும், மூன்றாமவருக்குச் சூரத்தும் கைகொடுக்கின்றன. எந்தப் பக்கம் நிற்பது என்று தீர்மானிக்க முடியாமல் கேள்வி அனுப்பிய வாசகர்களுக்காக இந்த மூன்று வழிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், மேயரின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன். சென்னையில் ஒரு தெருவைத் தோண்டிச் சீரமைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவின் தார்ப்பரப்பு மாநகராட்சியுடையது. அதன் அடியில் ஓடும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தனி வாரியத்துடையவை. மின்கேபிளுக்கு உரிமையாளர் மின்வாரியம். தெரு போய்ச் சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கலாம். வாகனங்களை வேறு வழியில் திருப்பிவிடக் காவல்துறை இசைய வேண்டும். இவற்றில் தார்ப்பரப்பு ஒன்றைத் தவிர மற்றவை மாநில அரசின் பொறுப்பில் இருப்பவை. மாநகராட்சியின் பங்கிலும்கூட, கவுன்சிலர் கேட்டு, பொறியாளர் மதிப்பீடு போட்டு, மன்றம் தீர்மானம் நிறைவேற்றிய பிறகு, ஆணையர் ஒப்புதல் அளித்தால்தான் ஒப்பந்தப்புள்ளி கோர முடியும். அந்த ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. இந்தத் தெருவின் பள்ளத்துக்காக மேயரை ஒருவர் திட்டினால், அந்தத் திட்டில் பெரும்பகுதி முகவரி தவறிச் சேர்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மேயருக்கும் மன்றத்துக்கும் முரண்பாடு வந்தால் அது எப்படித் தீரும் என்பது. மூன்றாவது, நகரில் ஒரு கட்சியும் மாநிலத்திலோ நாட்டிலோ வேறொரு கட்சியும் ஆளும்போது நகரம் என்ன பாடுபடும் என்பது. நான்காவது, தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவரை மாற்ற வழி உண்டா என்பது. பதவிக்காலத்தை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். டெல்லியில் மேயரின் காலம் ஓராண்டு. பெங்களூருவிலும் நெடுங்காலம் அப்படியே இருந்தது. மும்பையில் இரண்டரை ஆண்டுகள். ஒரு வடிகால் திட்டத்துக்கு மதிப்பீடு தயாராகி வருவதற்குள் ஓராண்டு மேயர் வாழ்த்துரையும் வழியனுப்புரையும் முடித்திருப்பார். இப்படிப்பட்ட காலவரையறை உள்ள இடத்தில் தேர்தல் நேரடியா மறைமுகமா என்று வாதிடுவதில் பொருளில்லை.

முதல் வழி: மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர்

நேரடித் தேர்தலின் முதன்மையான பலம், நகரம் முழுவதும் ஒரே தொகுதியாகிவிடுவதுதான். வார்டு கவுன்சிலருக்குத் தம் தெருக்களே உலகம். நகரம் முழுவதிலும் வாக்குக் கேட்டு வந்தவர் மட்டுமே ஒரு பகுதியைக் கோபப்படுத்தி மொத்த நகருக்கு நன்மை செய்யும் முடிவை எடுக்கத் துணிவார். லண்டனுக்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நேரடி மேயர் பதவி கிடைத்தது. 2000-இல் நடந்த முதல் தேர்தலில் சொந்தக் கட்சி வாய்ப்பு மறுத்ததால் சுயேச்சையாக நின்ற கென் லிவிங்ஸ்டன் வென்றார். 2003 பிப்ரவரியில் நகரின் மையப் பகுதிக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் விதித்தார். வாகன உரிமையாளர்களும் பத்திரிகைகள் பலவும் எதிர்த்த திட்டம் அது. அடுத்த ஆண்டே தேர்தல் இருந்தது. அதிலும் அவர் வென்றார்.

இதில் கவனிக்க வேண்டியது லிவிங்ஸ்டனின் துணிச்சல் மட்டுமன்று. நகரின் போக்குவரத்து அமைப்பு மேயரின் பொறுப்பில் இருந்ததால், கட்டணத்தை விதிக்கவும் அதே வேளையில் பேருந்துகளைக் கூட்டவும் அவரால் முடிந்தது. லண்டன் மன்றத்தின் 25 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால்தான் அவருடைய வரவு செலவுத் திட்டத்தை மாற்ற இயலும். அதே லிவிங்ஸ்டன், சுரங்க ரயிலில் தனியார் பங்களிப்பைப் புகுத்திய தேசிய அரசின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போனார், 2001-இல் தோற்றார். அதிகாரம் கையில் இருந்த இடத்தில் அவரால் வரலாறு படைக்க முடிந்தது, இல்லாத இடத்தில் வழக்குப் போட மட்டுமே முடிந்தது.

பொகோட்டாவின் கதை இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. போக்குவரத்து விதிகளைச் சொல்லித்தர வீதிகளில் ஊமைக்கூத்துக் கலைஞர்களை நிறுத்திய அந்தானாஸ் மோக்குஸ், 2000 டிசம்பரில் டிரான்ஸ்மிலேனியோ விரைவுப் பேருந்தைத் தொடங்கிவைத்த என்ரிக்கே பெனலோசா ஆகிய இரு மேயர்களையும் உலகம் அறியும். அவர்களுக்கு முன் 1992 முதல் 1994 வரை மேயராக இருந்த ஹைமே காஸ்த்ரோவை வெளியில் பலருக்குத் தெரியாது. 1993-இல் நகருக்கெனத் தனிச் சட்டம் வந்து மேயரின் செயல் அதிகாரத்தை மன்றத்திலிருந்து பிரித்து வைத்ததும், சொத்து வரி உள்ளிட்ட வருவாய் சீரமைக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். வரியை உயர்த்தியவர் என்ற கெட்ட பெயர் அவருக்கு. அந்த வரியில் கட்டியவர்கள் என்ற நல்ல பெயர் பின்வந்தவர்களுக்கு. அங்கே நேரடித் தேர்தல் 1988-லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வாக்குச் சீட்டு மட்டும் அந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை என்பது விளங்கும்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்று மக்கள் தீர்ப்பளித்துவிட்டால், ஐந்தாண்டும் இழுபறிதான். 2009-இல் ஜெய்ப்பூர் வாக்காளர்கள் காங்கிரஸ் மேயரையும் பா.ஜ.க. பெரும்பான்மை மன்றத்தையும் ஒரே தேர்தலில் தேர்ந்தெடுத்தார்கள். 2012-இல் சிம்லாவில் மார்க்சிஸ்ட் கட்சி மேயர், துணை மேயர் இரு பதவிகளையும் நேரடி வாக்கில் வென்றது. மன்றத்தின் 25 இடங்களில் அக்கட்சிக்குக் கிடைத்தவை 3. இரண்டு மாநிலங்களும் அதற்குப் பிறகு மறைமுகத் தேர்தலுக்கே திரும்பின. தவறான ஆளை நீக்குவதும் இங்கே கடினம்; லட்சக்கணக்கானோர் தந்த பதவியைச் சிலர் பறிப்பது முறையன்று என்பதால் சட்டங்கள் பெரும்பாலும் அந்தக் கதவைப் பூட்டியே வைக்கின்றன. பொகோட்டாவிலேயே சாமுவேல் மொரேனோ 2011-இல் ஒப்பந்த ஊழல் விவகாரத்தில் இடைநீக்கம் செய்யப்பட்டபோது, அதைச் செய்தது மன்றமன்று, தேசிய அளவிலான கண்காணிப்பு அமைப்பு. அதே அமைப்பு 2013-இல் குப்பை அகற்றும் முறையை மாற்றியதற்காகக் குஸ்தாவோ பெத்ரோவையும் நீக்கியது. அடுத்த ஆண்டு அவர் பதவிக்குத் திரும்பினார், 2022-இல் நாட்டின் அதிபரானார். நீக்கும் கத்தி வெளியார் கையில் இருந்தால் அது யார்மீது பாயும் என்று சொல்ல முடியாது.

பெத்ரோவின் உயர்வு இன்னொரு செலவையும் நினைவூட்டுகிறது. நேரடி மேயர் பதவி தேசிய அரசியலுக்கு ஏணி. சியோலில் சியோங்கேசியோன் ஓடையின் மேல் இருந்த மேம்பாலச் சாலையை இடித்து ஓடையை மீட்ட லீ மியுங்-பாக் 2007-இல் தென் கொரிய அதிபர் தேர்தலில் வென்றார். துருக்கியின் இஸ்தான்புல்லில் 1994-இல் மேயரான எர்டோகன் நாட்டையே ஆள வந்தார். ஏணியில் ஏறுபவர் பதவிக்காலத்துக்குள் திறப்பு விழா காணக்கூடிய பணிகளையே விரும்புவார். மண்ணுக்கடியில் புதையும் கழிவுநீர்க் குழாய்க்கு நாடா வெட்ட முடியாது. மேலே இருப்பவர்களும் ஏணியில் ஏறி வருபவரைக் கண்டு சும்மா இருப்பதில்லை. 2019-இல் இஸ்தான்புல்லில் வென்ற எக்ரெம் இமாமோலுவின் வெற்றி ரத்துசெய்யப்பட்டு, சில வாரங்களில் மறுதேர்தல் நடந்தது. அதில் முன்னிலும் பெரிய வித்தியாசத்தில் வென்ற அவர், 2025 மார்ச்சில் கைது செய்யப்பட்டார்.

இரண்டாவது வழி: மாமன்றம் தேர்ந்தெடுக்கும் மேயர்

மறைமுகத் தேர்தல் என்றவுடன் கவுன்சிலர்களைப் பேருந்தில் ஏற்றிச் சொகுசு விடுதியில் பூட்டி வைக்கும் காட்சிதான் நம் மனத்தில் எழுகிறது. அந்தப் பயம் காரணமற்றதன்று. தனிப் பெரும்பான்மை இல்லாத மன்றத்தில் நான்கைந்து சுயேச்சைகளின் விலையே நகரின் தலைவிதியை முடிவு செய்துவிடும். ஆனால் அதை முறையின் பிறவிக் குணம் என்று முடிவுகட்டுவதற்கு முன் பாரிஸைப் பார்க்க வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் மேயரே இல்லாமல் தேசிய அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்த நகரம் அது. 1977-இல்தான் ஜாக் சிராக் மேயரானார். மேயரைத் தேர்ந்தெடுப்பது மன்றமே என்றாலும், கட்சிகள் தம் வேட்பாளர் பட்டியலின் முகமாக யாரை நிறுத்தியிருக்கின்றன என்பது வாக்காளருக்கு முன்பே தெரியும். முதலிடம் பெறும் பட்டியலுக்குக் கூடுதல் இடங்கள் தரப்படுவதால் பெரும்பான்மை சிதறுவதில்லை. ஆறாண்டுக் காலத்தில் மன்றம் மேயரைக் கவிழ்க்கவும் முடியாது. வாடகை மிதிவண்டித் திட்டமான வெலிப் 2007-இல் வந்ததும், சேன் ஆற்றின் வலது கரையில் ஓடிய விரைவுச் சாலையை மூடும் முடிவு 2016-இல் மன்றத்தில் நிறைவேறியதும் இந்த முறையின் கீழ்தான். அந்த மூடலை 2018-இல் நீதிமன்றம் ரத்து செய்தபோது, வேறு காரணம் காட்டி மேயர் ஆன் இதால்கோ மறுபடி உத்தரவு பிறப்பித்தார். நேரடித் தேர்தல் இல்லாததால் பிடிவாதம் குறைந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆக, மாமன்றத் தேர்வு நன்றாக நடப்பதற்குச் சில துணை விதிகள் தேவைப்படுகின்றன: மேயர் வேட்பாளர் யார் என்று தேர்தலுக்கு முன்பே கட்சி அறிவித்தல், கட்சித் தாவலுக்குத் தடை, முழுப் பதவிக்காலம். இவை இல்லாமல் மறைமுகத் தேர்தலை வைத்தால், வாக்கு எண்ணி முடித்த பிறகே கட்சித் தலைமை ஒரு பெயரை அறிவிக்கும். வாக்காளர் ஒருபோதும் கேள்விப்படாத ஒருவர் அங்கியும் சங்கிலியும் அணிந்து செங்கோலோடு நிற்பார். இந்த முறையின் மறைமுகச் செலவு பணத்தைவிட இதில்தான் அதிகம்: மேயர் நகருக்குப் பதில் சொல்வதைவிடத் தம்மைக் கொண்டுவந்த கட்சித் தலைமைக்கும் மாவட்டச் செயலாளருக்கும் பதில் சொல்வதில் கவனமாக இருப்பார். சாலைப் பணியும் தெருவிளக்கும் தேவைப்படி அன்றி, எந்தக் கவுன்சிலரைத் தக்கவைக்க வேண்டும் என்ற கணக்குப்படி வார்டுகளுக்குப் பங்கிடப்படும் அபாயமும் உண்டு.

இதன் நன்மைகளும் குறைத்து மதிப்பிடத்தக்கவை அல்ல. மேயரும் பெரும்பான்மையும் ஒரே பக்கம் இருப்பதால் வரவு செலவுத் திட்டம் முடங்குவதில்லை. கோடிக்கணக்கில் பிரசாரச் செலவு செய்ய வசதியில்லாத ஒருவரும் மேயராக முடிகிறது. 2022-இல் இட ஒதுக்கீட்டின் வழியே சென்னையின் முதல் தலித் பெண் மேயராக ஆர். பிரியா பொறுப்பேற்றது இந்த முறையில்தான், அப்போது அவர் முப்பது வயதைத் தொடவில்லை. நேரடித் தேர்தலிலும் பதவியை ஒதுக்கீடு செய்யலாம். ஆனால் நகரம் முழுவதும் சுவரொட்டி ஒட்டும் செலவை யார் தாங்குவது என்ற கேள்வி அங்கே முன்வந்து நிற்கும்.

மூன்றாவது வழி: நியமிக்கப்படும் ஆணையர் அல்லது மேலாளர்

1994-இல் பிளேக் பரவிய சூரத்தை அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற ஆணையர் எஸ்.ஆர். ராவ் தூய்மைப்படுத்திய விதம், அதிகாரியிடம் நகரை விடுங்கள் என்பவர்களின் முதல் சான்று. மண்டல அதிகாரிகளுக்கு முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்து, எல்லாரையும் நாள்தோறும் களத்துக்கு இறக்கி, ஆக்கிரமிப்புகளை ஆள் பார்க்காமல் அகற்றினார் அவர். குஜராத்தின் மாநகராட்சிச் சட்டம் செயல் அதிகாரத்தை ஆணையரிடம் வைத்திருந்ததே அதற்கு வழிசெய்தது. பிரேசிலின் கூரிட்டிபாவில் ராணுவ ஆட்சி 1971-இல் நியமித்த கட்டடக் கலைஞர் ஜைமே லெர்னர், மறு ஆண்டே நகரின் முக்கிய வணிக வீதியை வார இறுதி விடுமுறையில் தொடங்கி நடைபாதையாக்கினார். கடைக்காரர்கள் விழித்துக்கொண்டு நீதிமன்றம் போவதற்குள் பூச்செடிகள் நடப்பட்டிருந்தன. வேகம் என்ற ஒரே அளவுகோல் போதுமென்றால் ஒப்பீட்டை இங்கேயே முடித்துவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், ராவ் போன்ற ஒருவர் வருவதற்கு இந்த முறையில் எந்த உத்தரவாதமும் இல்லை. வந்தவர் தங்குவதற்கும் இல்லை. நல்ல ஆணையரைக் கொண்டுவரும் அதே கையெழுத்து அவரை மாற்றவும் செய்யும். சென்னை மாநகராட்சி 1973-இல் கலைக்கப்பட்ட பிறகு 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் அதிகாரிகளால் நடத்தப்பட்டது. இடைக்கால ஏற்பாடு என்று தொடங்கியது ஒரு தலைமுறைக் காலம் நீண்டது. இதுவே இந்த வழியின் மிகப் பெரிய மறைமுகச் செலவு: முடிவு நாள் குறிக்கப்படாத நியமனம் தானாக முடிவதில்லை. அந்த இடைவெளியில் நகர அரசியலில் பயிற்சி பெற்று வளர வேண்டிய ஒரு தலைமுறைத் தலைவர்களும் உருவாகாமல் போகிறார்கள்.

ஆணையர் முறையையும் அமெரிக்காவின் மேலாளர் முறையையும் சிலர் ஒன்றாகப் பேசுகிறார்கள், இரண்டும் வேறு. 1913 மார்ச்சில் பெருவெள்ளத்தில் மூழ்கிய ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரம், மறு ஆண்டு தொழில்முறை மேலாளர் ஒருவரை நியமிக்கும் முறைக்கு மாறியது. இன்றும் பீனிக்ஸ், டல்லஸ் போன்ற பெருநகரங்களில் அம்முறை நடக்கிறது. அங்கே மேலாளரை நியமிப்பதும் நீக்குவதும் நகர மன்றம். நம்முடைய ஆணையரை நியமிப்பது மாநிலத் தலைமைச் செயலகம். முன்னவர் நகரின் ஊழியர், பின்னவர் நகருக்கு அனுப்பப்பட்டவர். மேலாளர் முறைக்கும் வரம்பு உண்டு: ஓய்வூதிய நிதி நெருக்கடியில் சிக்கிய சான் டியேகோ, பொறுப்பேற்க ஒரு முகம் வேண்டும் என்று 2006 முதல், செயல் அதிகாரம் மேயரிடமே இருக்கும் வலுவான மேயர் முறைக்கு மாறியது.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேரடி மேயர் | மாமன்ற மேயர் | நியமன ஆணையர் |
|---|---|---|---|
| பதில் சொல்வது | நகர வாக்காளருக்கு | கவுன்சிலருக்கும் கட்சிக்கும் | நியமித்த அரசுக்கு |
| மன்றத்தோடு உறவு | முரண்பட வாய்ப்பு அதிகம் | பெரும்பாலும் இணக்கம் | மன்றத்தின் பிடி குறைவு |
| மாற்றும் வழி | அடுத்த தேர்தல் | மன்றத் தீர்மானம், சட்டம் அனுமதித்தால் | இடமாற்ற உத்தரவு |
| மறைந்திருக்கும் செலவு | முடக்கம், திறப்பு விழா மோகம் | குதிரை பேரம், வார்டுப் பங்கீடு | முடிவில்லாத இடைக்காலம் |

எந்த நகருக்கு எது

இந்திய அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தபோது, ஐந்தாண்டுக் காலத்தையும் முறையான தேர்தலையும் உறுதி செய்தது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மட்டும் மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டது. அதன் விளைவைத் தமிழ்நாட்டில் காணலாம்: 1996-லும் 2001-லும் நேரடித் தேர்தல், 2006-இல் மறைமுகம், 2011-இல் மீண்டும் நேரடி, 2016-இல் மறைமுகத்துக்குச் சட்டத் திருத்தம், 2018-இல் நேரடிக்குத் திருத்தம், 2019-இல் மறுபடியும் மறைமுகம். இத்தனை திருத்தங்களிலும் குடிநீர் வாரியமோ, பேருந்துக் கழகமோ, ஆணையர் நியமனமோ மேயரின் பக்கம் ஓர் அங்குலமும் நகரவில்லை. 2001-இல் இரண்டாம் முறை நேரடியாக வென்ற மு.க. ஸ்டாலின், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மேயராகவும் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2002-இல் வந்ததும் மேயர் பதவியை இழந்தார். நேரடி வாக்கு தரும் பலம் மேலே உள்ள அரசின் ஒரு சட்டத்திருத்தத்துக்கு முன் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிட நேரான விடை கிடைக்காது.

ஆகவே என் முடிவு இது. சொந்த வரி வருவாய், துறைத் தலைவர்களை நியமிக்கும் உரிமை, போக்குவரத்து அல்லது குடிநீரில் ஒன்றாவது மேயரின் பொறுப்பில் வந்துவிட்ட நகரத்துக்கு நேரடித் தேர்தலே பொருத்தம். அவ்வளவு அதிகாரத்தை வாக்காளர் முகம் பார்க்காத ஒருவரிடம் கொடுப்பது தவறு. அதிகாரம் இன்னும் மாநிலத்திடமே இருக்கும் நகரத்துக்கு, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மேயர் வேட்பாளரோடும் ஐந்தாண்டு முழுப் பதவிக்காலத்தோடும் கூடிய மாமன்றத் தேர்வே மேல். அங்கே நேரடித் தேர்தல் வைத்தால் எதிர்பார்ப்பு ஏறும், கையிருப்பு ஏறாது. கொள்ளைநோயாலோ வெள்ளத்தாலோ நிலைகுலைந்த நகரத்தையும், மன்றமே ஊழலில் மூழ்கிவிட்ட நகரத்தையும் நியமன அதிகாரியிடம் விடலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. மன்றம் கலைக்கப்பட்டால் அந்தக் காலத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சாசனமே சொல்கிறது.

அடுத்த திருத்த மசோதா அவைக்கு வரும்போது, நேரடியா மறைமுகமா என்று கூறும் பிரிவை முதலில் தேடாதீர்கள். ஆணையரின் ஆண்டு மதிப்பீட்டறிக்கையை எழுதுவது யார், எத்தனை ரூபாய் வரையிலான பணிக்கு மாநில அரசின் அனுமதி தேவையில்லை, சொத்து வரி விகிதத்தை மன்றம் தானே உயர்த்தலாமா என்ற மூன்றும் அதில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.